டிரெய்லர் பிரேக்: ஷூவை மட்டும் மாற்றுவதா, முழுத் தொகுதியையும் மாற்றுவதா?

டல்லாஸ்வாசி:
வணக்கம். எங்களிடம் இரண்டு ஆக்சில் கொண்ட பழைய பயண டிரெய்லர் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஆக்சிலும் 3,500 பவுண்டு தாங்கும். பிரேக்குகள் 10 அங்குல மின்சார டிரம் வகை. கோடையில் கொலராடோவின் உல்ஃப் கிரீக் கணவாய் வழியாகப் போக எண்ணிச் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தேன். டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த தகடான ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை, அதாவது லைனிங், மூன்று சக்கரங்களில் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. வலப்பக்கப் பின்சக்கரத்தில் லைனிங் தடிமனாகவே இருந்தாலும் கிரீஸில் ஊறிக் கறுத்துக் கிடக்கிறது. அதை பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்தால் போதுமா? மற்றவற்றுக்கு ஷூ மட்டும் வாங்கலாமா?

பழைய மெக்கானிக்:
துடைப்பதால் பயனில்லை. லைனிங் உறிஞ்சிய கிரீஸ், இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது மீண்டும் மேலே கசிந்து வரும். அந்தச் சக்கரம் பிடிக்காமல் போக, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஆகவே அதே ஆக்சிலின் இரண்டு பக்க ஷூக்களையும் சேர்த்தே மாற்றுங்கள். மற்றவற்றில் லைனிங் 1/16 அங்குலத்துக்கு, அதாவது ஏறக்குறைய 1.6 மி.மீ.க்கு வந்துவிட்டால் அவற்றையும் மாற்றியாக வேண்டும்.

அதற்கு முன் கிரீஸ் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஸ்பின்டிலின் (சக்கரம் சுழலும் ஆக்சில் முனை) நுனியில் கிரீஸ் ஏற்றும் நிப்பிள் உள்ள ஆக்சில்களில், சக்கரத்தைச் சுற்றாமல் வேகமாகக் கிரீஸை ஏற்றினால் அது கிரீஸை வெளியே விடாமல் தடுக்கும் பின்பக்க சீலைத் தள்ளிக்கொண்டு டிரம்முக்குள் இறங்கிவிடும். சீல் புதிதாகாமல் ஷூ மட்டும் புதிதானால், அடுத்த கோடையிலும் இதே கேள்வியைத்தான் கேட்பீர்கள்.

ஹூஸ்டன் பயணி:
என் கருத்தில், பிரேக் பாகங்களைத் தாங்கும் தட்டான பேக்கிங் பிளேட்டோடு முழுத் தொகுதியை வாங்குவதே மேல். ஷூ, ஸ்பிரிங், மேக்னட் (மின்சாரம் பாய்ந்ததும் டிரம்மில் ஒட்டி லீவரை இழுக்கும் மின்காந்தம்), லீவர் எல்லாம் பூட்டியே வருகின்றன. உங்கள் அளவுக்கு நான்கு போல்ட்டுகளும் இரண்டு வயர்களும்தான் வேலை. அந்த வயர்களுக்கு நேர், எதிர் என்ற பேதம் கிடையாது. இடது, வலது மட்டும் மாறிவிடக் கூடாது. ஷூவையும் மேக்னட்டையும் தனித்தனியாக வாங்கும் விலையோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இருக்காது.

பழைய மெக்கானிக்:
மேக்னட் தேய்ந்திருந்தால் நீங்கள் சொல்வது சரி. நன்றாக இருந்தால் அது வீண் செலவு. மேக்னட்டின் முகம் சீராகத் தேய்ந்து, உள்ளேயுள்ள செப்புக் கம்பி தெரியாமல், 12 வோல்ட்டில் ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுத்தால் அதை விட்டுவிடலாம். எந்த வழியில் போனாலும் டிரம்மை அளக்காமல் விடாதீர்கள். 10 அங்குல டிரம்மின் உள்விட்டம் 10.09 அங்குலத்தைத் தாண்டினால் கடைசல் பிடித்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். மேக்னட் உரசும் உட்சுவரில் ஆழமான கோடுகள் விழுந்திருந்தால் புது மேக்னட்டும் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

டல்லாஸ்வாசி:
மிக்க நன்றி. பின் ஆக்சிலுக்கு முழுத் தொகுதி, முன் ஆக்சிலுக்கு ஷூ மட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். ஒரு ஜோடி ஷூவில் ஒன்றின் லைனிங் குட்டையாக இருக்கிறதே, அது எந்தப் பக்கம் வர வேண்டும்?

பழைய மெக்கானிக்:
குட்டை லைனிங் உள்ள ஷூ, வண்டி போகும் திசையை நோக்கி முன்பக்கம் வர வேண்டும். மேக்னட் இழுக்கும் லீவர் முதலில் தள்ளுவது அதைத்தான்; அதன் உந்துதலில் நீள லைனிங் கொண்ட பின் ஷூ டிரம்மை அழுத்துகிறது, பெரும்பங்குப் பிடிமானமும் அதிலிருந்தே கிடைக்கிறது.

ஜாக்கை ஆக்சிலுக்கு அடியில் வைக்காமல் டிரெய்லரின் இரும்புச் சட்டத்துக்கு அடியில் வையுங்கள். டிரம் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம், நுரையீரலுக்குக் கெடுதல். திரும்பப் பூட்டும்போது, டிரம்மைச் சுற்றிக்கொண்டே ஸ்பின்டில் நட்டை 50 அடி-பவுண்டு வரை இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்கி, நட்டு கழலாமல் பிடிக்கும் பின்னை (pin) மாட்டுங்கள். அதன்பிறகு, ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையிலான இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரின் பல்சக்கரத்தை, டிரம்மைச் சுற்றவே முடியாத அளவுக்குத் திருப்பி, பிறகு டிரம் லேசான உரசலோடு சுற்றும் வரை அதை எதிர்ப்பக்கம் திருப்பித் தளர்த்துங்கள்.

புது லைனிங் உடனே முழுப் பிடிமானம் தராது. 40 மைல் வேகத்திலிருந்து 20 மைலுக்குக் குறைவதாக இருபது முப்பது முறை, இடையில் ஆறவிட்டு, சமதரையிலேயே பிரேக் போட்டுப் பழக்குங்கள். 10,857 அடி உயரக் கணவாயிலிருந்து இறங்கும் சாலை அதற்கான இடமன்று. முதல் 200 மைலுக்குப் பிறகு மறுபடி அட்ஜஸ்ட் செய்துவிட்டு மலைக்குப் புறப்படுங்கள். சக்கர நட்டுகளை 10, 25, 50 மைல்களில் நிறுத்தி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.