பிளாக் ஆன ஃபைலின் பெயரை மட்டும் பார்த்து அலோ கொடுத்துவிடாதீர்கள்

போன மாதம் எங்கள் ஆபீஸில் நடந்தது. சம்பளம் போட வேண்டிய நாள். அக்கவுண்ட்ஸிலிருந்து ஒரு அக்கா போன் செய்து, "தம்பி, பேரோல் திறக்கவே மாட்டேங்குது, ஏதோ பிளாக்டுன்னு வருது, கொஞ்சம் எடுத்து விடுப்பா" என்றார். செக்யூரிட்டி கன்சோலைத் (ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் தடுக்கப்பட்டவற்றைக் காட்டும் திரை) திறந்தால் அன்று காலை மட்டும் 37 பிளாக். எல்லாவற்றிலும் ஒரே பெயர்: அப்டேட்.எக்ஸ்இ. முந்தைய இரவுதான் பேரோலின் புது வெர்ஷன் இறங்கியிருந்தது, அதனால் கை நேராக அலோ பட்டனுக்குத்தான் போனது.

என்னவோ தோன்றி ஒவ்வொரு வரியாகத் திறந்து பார்த்தேன். 35 வரிகளில் ஃபைல் இருந்த இடம் புரோகிராம் ஃபைல்ஸ், அதை ஓட்டியது பேரோலின் சொந்த சர்வீஸ், ஃபைலைத் தயாரித்தது யார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பமும் செல்லும். விற்பனையாளர் சான்றிதழை மாற்றியிருந்தார், எங்கள் பழைய விதிக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். மீதி 2 வரிகள் ஸ்டோர்ஸில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து வந்தவை. அங்கே ஃபைல் இருந்தது யூசரின் டெம்ப் ஃபோல்டரில், கையொப்பம் கிடையாது, ஓட்டியது பவர்ஷெல் (விண்டோஸில் கட்டளைகளை ஓட்டும் கருவி), அந்த பவர்ஷெல்லைத் திறந்தது வேர்ட். காலையில் மெயிலில் வந்த ஒரு 'இன்வாய்ஸை' அந்தக் கம்ப்யூட்டரில் வேலை செய்பவர் திறந்து, மேக்ரோவுக்கும் (டாக்குமென்டுக்குள் இருக்கும் கட்டளைகள்) அனுமதி கொடுத்திருக்கிறார். பெயரை வைத்து அலோ கொடுத்திருந்தால் அதுவும் சேர்ந்து ஓடியிருக்கும், அதுவும் சம்பள ஃபைல்கள் இருக்கும் அதே நெட்வொர்க்கில். நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

அந்தக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க்கைத் துண்டித்து, அவருடைய பாஸ்வேர்டுகளை மாற்றி, விண்டோஸைப் புதிதாகப் போட்டோம். பேரோலுக்குக் கையொப்பத்தை வைத்து விதி எழுதினேன். ஹாஷ் (ஃபைலின் கைரேகை போன்ற எண், ஃபைல் மாறினால் இதுவும் மாறும்) வைத்தால் அடுத்த அப்டேட்டிலேயே உடைந்துவிடும். டெம்ப் போல யூசரே எழுதக்கூடிய இடத்துக்குப் பாதையை வைத்து விதி எழுதினால் யார் எதைப் போட்டாலும் ஓடும்.

உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

மறுமொழி 1

சார், கையொப்பத்தை மட்டும் நம்பினாலும் மாட்டிக்கொள்வோம். எங்களிடம் பிளாக் ஆனது சர்ட்யூட்டில் என்ற சான்றிதழ் கருவி, விண்டோஸோடு வருவது, மைக்ரோசாஃப்ட் கையொப்பம், வைரஸ்டோட்டலில் (பல ஆன்டிவைரஸ்களின் முடிவைக் காட்டும் தளம்) ஹாஷைப் போட்டால் சுத்தம். கூட வேலை செய்பவர் "தவறான எச்சரிக்கை" என்று மூடப் போனார். அதை ஓட்டிய கட்டளையை, அதாவது கமாண்ட் லைனைப் படித்த பிறகுதான் தெரிந்தது, யுஆர்எல்கேஷ் ஆப்ஷனோடு வெளியே ஏதோ ஒரு முகவரியிலிருந்து ஃபைலை இறக்கப் பார்த்திருக்கிறது. சான்றிதழ் வேலைக்கான கருவிக்கு ஒரு கிளார்க்கின் கம்ப்யூட்டரில் நடு மத்தியானம் அங்கே என்ன வேலை?

அப்புறம் நேரம். யூசர் 10 மணி என்றார், கன்சோலில் 10 மணிக்கு ஒன்றுமே இல்லை, அரை மணி நேரம் தேடினேன். கன்சோல் காட்டியது யுடிசி (உலகப் பொது) நேரம், நம் 10 மணி அங்கே காலை 4.30.

மறுமொழி 2

கன்சோல் இல்லாத சின்ன ஆபீஸ்களில் வேலை செய்பவன் நான். விண்டோஸின் லாக்குகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரே போதும், பார்க்கப் பழக வேண்டும். எந்த புரோகிராம் ஓடலாம் என்று தீர்மானிக்கும் ஆப்லாக்கர் ஒரு எக்ஸ்இயைத் தடுத்தால் ஈவென்ட் எண் 8004, ஆடிட்டில் (தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலை) இருந்து 'தடுத்திருப்பேன்' என்று மட்டும் சொன்னால் 8003. விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில், தாக்குதலுக்குப் பயன்படும் செயல்களைத் தடுக்கும் ஏஎஸ்ஆர் விதிகளுக்கு அதே வரிசையில் 1121, 1122. புது விதி எதையும் நான் முதலில் ஆடிட்டில்தான் விடுகிறேன். 2023 ஜனவரி 13 அன்று டிஃபெண்டரின் ஒரு தவறான அப்டேட்டால், ஆபீஸ் மேக்ரோவுக்கான ஏஎஸ்ஆர் விதி ஒன்று பல நிறுவனங்களில் ஸ்டார்ட் மெனு ஷார்ட்கட்களை அழித்துவிட்டது. அப்போது மைக்ரோசாஃப்டே அந்த விதியை ஆடிட்டுக்கு மாற்றச் சொன்னது.

இன்னொன்று, இந்த லாக்குகளின் அளவு ஆரம்பத்தில் மிகச் சிறியது. நிரம்பினால் பழையது அழிந்துகொண்டே போகும். திங்கள்கிழமை போய்ப் பார்த்தபோது வெள்ளிக்கிழமை நடந்தது இல்லாமல் போயிருக்கிறது எனக்கு. அளவைக் கூட்டிவிட்டு, பிளாக் ஆன அன்றே எக்ஸ்போர்ட் செய்து எடுத்து வைத்துவிடுகிறேன்.