தரைத்தள வீட்டில் வெள்ளத் தடுப்புச் சுவர் கட்டினால் போதுமா? (வரதராஜபுரம் – முடிச்சூர் பகுதி)

கேள்வி: புதுவீட்டுக்காரர்

வணக்கம். தாம்பரத்துக்கு மேற்கே, வரதராஜபுரத்தை ஒட்டிய தெரு ஒன்றில் மாடியில்லாத தனிவீடு வாங்கிக் குடிவந்திருக்கிறோம். 2015 டிசம்பரில் இங்கே இடுப்பளவுக்கும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முழங்காலுக்கு மேலும் தண்ணீர் நின்றதாக அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகச் சுற்றுச்சுவரை உயர்த்தி, வாயிலில் நான்கடி உயரத்துக்கு இரும்புப் பலகை பொருத்திவிட்டால் ஒரு சொட்டுக்கூட உள்ளே வராது என்று மேஸ்திரி உறுதியாகச் சொல்கிறார். இந்தச் செலவு தகுமா? செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டத்தைத் தினமும் கவனித்துவந்தால் வெள்ளத்தை முன்கூட்டியே அறிய முடியுமா? நடக்கச் சிரமப்படும் மாமியார் எங்களுடன் இருக்கிறார்கள் என்பதால் கேட்கிறேன்.

பதில் 1: கட்டுமானப் பொறியாளர்

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் வந்து சேரும் இடம் திருநீர்மலைக்கு அருகே; உங்கள் பகுதியோ அதற்கு மேற்புறம் இருக்கிறது. சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் இருப்பவர்கள் அந்த ஏரியின் மதகைக் கவனிக்க வேண்டும். உங்களுக்கு வரும் வெள்ளம் பெரும்பாலும் மணிமங்கலம், ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிவதால் வருவது. அந்த ஏரிகள் கலங்கல் (உபரிநீர் வெளியேறும் தாழ்ந்த கரைப்பகுதி) வழியத் தொடங்கிவிட்டனவா என்பதை அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டறிவது, தொலைக்காட்சியில் செம்பரம்பாக்கத்தின் கனஅடிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட உங்களுக்குப் பயன்படும்.

சுவரைப் பற்றி உங்கள் மேஸ்திரி சொல்வதில் பாதிதான் சரி. தேங்கிய நீர் ஒரு மீட்டர் உயரம் நின்றால், ஒவ்வொரு மீட்டர் நீளச் சுவரையும் ஏறக்குறைய 500 கிலோ விசையுடன் தள்ளுகிறது; உயரம் இரண்டு மீட்டரானால் அந்த விசை இரு மடங்காகாமல் நான்கு மடங்காகி 2000 கிலோவை எட்டிவிடும். வெளியே இடுப்பளவு நீர் நிற்க, உள்ளே தரை காய்ந்திருக்கும்படி பிடிவாதமாகத் தடுத்தால், சாதாரணச் செங்கல் சுவர் விரிசல் விடலாம், சுற்றுச்சுவர் மொத்தமாகச் சாயலாம். தவிரவும், தடுக்கப்பட்ட நீர் அடித்தளத்தின் கீழே புகுந்து டைல்ஸ் இடுக்குகளின் வழியாகக் கசிந்து மேலே வரும். அதை எந்த இரும்புப் பலகையும் நிறுத்தாது. ஆகவே இரண்டடி வரையிலான நீரைத் தடுக்கும் அளவுக்கு மட்டும் கழற்றி மாட்டும் பலகையை அமைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நீர் ஏறினால் அது உள்ளே வரட்டும் என்ற முடிவை இப்போதே எடுத்துவிட்டு, மிச்சப் பணத்தை வீட்டின் உட்புறத்தில் செலவிடுங்கள். சமையலறையின் கீழ் அலமாரிகளைப் பிளைவுட்டில் செய்யாமல் கடப்பா கல்லில் அமைப்பது, சுவிட்ச் பெட்டிகளை மார்பளவுக்கு மேல் ஏற்றுவது, பீரோவுக்குக் கல் மேடை கட்டுவது ஆகியவை எந்த வெள்ளத்திலும் கைகொடுக்கும். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கும் வேலையும் சென்னையில் நடக்கிறது. அடித்தளத்தை நேரில் பார்க்காமல் அதைப் பற்றிக் கருத்துச் சொல்ல மாட்டேன்.

புயல் எச்சரிக்கை வந்ததும் சம்ப்பை (தரைக்கடியில் உள்ள நீர்த்தொட்டியை) நல்ல நீரால் நிரப்பி மூடியின் விளிம்பைப் பாலித்தீன் வைத்து அடைத்துவிடுங்கள். காலியான தொட்டியை நிலத்தடி நீர் கீழிருந்து மேலே தள்ளும். பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் மண்ணைப் பிளந்துகொண்டு மிதந்தே வந்துவிடும். செப்டிக் டேங்கையும் மழை விட்ட கையோடு முழுவதுமாக உறிஞ்சி எடுக்கச் சொல்லாதீர்கள், காரணம் அதேதான்.

மாமியாரை, தெருவில் நீர் நிற்கத் தொடங்கும் முன்பே, மாடி உள்ள உறவினர் வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடுவது நல்லது. முழங்கால் அளவு ஓடும் நீரில் முதியவரைத் தூக்கிக்கொண்டு நடப்பதைவிட, தேவையின்றி ஒருநாள் வெளியே தங்கிவிட்டுத் திரும்புவது எவ்வளவோ மேல்.

பதில் 2: மின்பணியாளர்

மேலே சொல்லப்பட்டவற்றுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் படித்தவர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை. மெயின் சுவிட்சை அணைத்தால் வீட்டில் மின்சாரம் இல்லை என்று எண்ணுகிறோம். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் அந்தக் கணத்திலேயே பேட்டரி வேலை செய்யத் தொடங்கி, மின்விசிறி, விளக்கு இணைப்புகளில் 230 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே மெயினை அணைத்தபின் இன்வெர்ட்டரையும் அணைத்து, பேட்டரியின் முனைகளைக் கழற்றி, முடிந்தால் அதை மேசைமேல் ஏற்ற வேண்டும். இவை அனைத்தும் தரை ஈரமாவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். நீரில் நின்றுகொண்டு சுவிட்ச் பலகையைத் தொடுவதைவிட எல்லாவற்றையும் அப்படியே விட்டு வெளியேறுவது உயிருக்கு நல்லது. மின்கசிவு ஏற்பட்டால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை இப்போதே பொருத்துங்கள்.

வெள்ளம் வடிந்தபின் நீரில் நனைந்த எந்தக் கருவியையும் ‘ஓடுகிறதா’ என்று போட்டுப் பார்க்காதீர்கள். நன்கு கழுவிக் காயவைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய மோட்டார், ஈரத்தோடு ஒருமுறை ஓடவிட்டால் சுருள் எரிந்துவிடும். சுவருக்குள் போகும் குழாய்களில் சேறு தங்கியிருக்கும் என்பதால், மெக்கர் (கம்பிக் காப்புறையில் கசிவு உண்டா என்று அளக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு மின்சுற்றையும் சோதித்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். காருக்கும் இதே விதிதான்: சாவியைத் திருப்பாமல் இழுத்துச் செல்லச் சொல்லுங்கள்.

சமையல் எரிவாயு சிலிண்டரைச் சங்கிலியால் கட்டிவையுங்கள். நிரம்பிய சிலிண்டர்கூட மிதக்கும். அதன் மொத்த எடை ஏறக்குறைய 30 கிலோ, அது இடம்பெயர்க்கும் நீரின் எடையோ அதைவிட அதிகம்.

பதில் 3: வேளச்சேரிவாசி

இரண்டு வெள்ளங்களையும் தரைத்தளத்தில் பார்த்தவன் என்ற முறையில் வடிந்த பிறகான வேலைகளைப் பற்றி எழுதுகிறேன். வீட்டைக் கழுவும் ஆவல் எல்லோருக்கும் வரும். அதற்கு முன்பாகச் சுவரில் படிந்த சேற்றுக் கோடு தெரியும்படியும், ஒவ்வொரு கருவியின் மாடல் எண் தெரியும்படியும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இழப்பை மதிப்பிடும் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வரும்வரை நாறும் மெத்தையைக்கூட வெளியில் ஓரமாக வைத்திருக்கத்தான் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ திட்டத்தில் வெள்ளம் அடங்கும். கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தால், வீட்டுப் பொருள்களுக்கும் அத்தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, தனிப்பட்டியல் கொடுக்காமலே பாதுகாப்புக் கிடைக்கிறது. மிக்ஜாமுக்கு அரசு கொடுத்த 6000 ரூபாய் உதவிதான். ஒரு குளிர்சாதனப் பெட்டியைக்கூட அதில் வாங்க முடியாது.

சேறு ஈரமாக இருக்கும்போதே வழித்துத் தள்ளிவிட வேண்டும், காய்ந்தால் டைல்ஸ் இடுக்கில் சிமெண்டைப் போல் பிடித்துக்கொள்ளும். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவும் அதே தரையில் கழிவறை ஆசிட்டை ஊற்றாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். வெள்ளநீர் புகுந்த சம்ப்பை இறைத்துத் தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பி, 1000 லிட்டருக்கு 150 முதல் 200 கிராம் வரை பிளீச்சிங் பவுடர் கரைத்து ஒருநாள் விட்டு, அந்த நீரை வெளியேற்றிய பிறகே புழங்க வேண்டும். அதன் பிறகும் சில வாரங்களுக்குக் குடிநீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். காலில் சிறு புண் இருந்தாலும் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் சேற்றில் இறங்காதீர்கள். அதன்பின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. மேஸ்திரியிடம் இரண்டடிப் பலகை போதும் என்று சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகங்கள் உள்ளன. கழிவறை வழியாக நீர் எதிர்த்து வருவதை எப்படித் தடுப்பது? டிசம்பரில் நனையும் வீட்டுக்குப் பொங்கலுக்குள் வண்ணம் பூசிவிடலாமா?

பதில் 1: கட்டுமானப் பொறியாளர்

வெளியேறும் கழிவுநீர்க் குழாயில், சேம்பருக்கு (குழாய்கள் சேரும் மூடிபோட்ட தொட்டிக்கு) முன்னால், நீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றைப் பொருத்தி, ஆண்டுதோறும் செப்டம்பரில் திறந்து சுத்தம் செய்யுங்கள். குப்பை சிக்கிய வால்வு மூடாது. அவசரத்துக்கு, தடித்த பிளாஸ்டிக் பையில் மணல் நிரப்பிக் கழிவறைக் கோப்பைக்குள்ளும் குளியலறைத் தரைத் துளையின் மேலும் அழுத்தி வைக்கலாம்.

பொங்கலுக்குள் வண்ணம் வேண்டாம். செங்கல் சுவர் உறிஞ்சிய நீர் வெளியேற மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் உள்ளே அடைபட்ட ஈரம் உப்பாகப் பூத்து, கோடையில் எல்லாம் செதில் செதிலாக உரிந்துவிடும். பண்டிகைக்காக வேண்டுமானால் சுண்ணாம்பு மட்டும் அடித்துக்கொள்ளுங்கள், அது ஈரத்தை அடைக்காது. சுவர் காய்ந்துவிட்டதா என்று அறிய, முழ நீளப் பாலித்தீன் தாள் ஒன்றின் நான்கு ஓரங்களையும் இரவில் சுவரில் ஒட்டிவிட்டுக் காலையில் பாருங்கள். உட்புறத்தில் நீர்த்துளி கோத்திருந்தால் பெயிண்டரை இன்னும் ஒரு மாதம் கழித்து வரச் சொல்லுங்கள்.