இணைய அரசியல் விளம்பர விதி: 2005-ல் அமெரிக்க காங்கிரஸ் தன் சட்டத்தையே எதிர்த்தது ஏன்?

நாணல்:
அமெரிக்கத் தேர்தல் நிதிச் சட்டம் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன், ஒரு இடத்தில் குழப்பம். 2002-ல் தேர்தல் பணத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கெய்ன்-ஃபைன்கோல்ட் சட்டத்தை நிறைவேற்றியது காங்கிரஸ். அந்தச் சட்டத்தை வைத்து கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் இணையத்துக்கு விதி எழுதப் போனதும், வலைப்பதிவர்களை அதிகாரிகள் நசுக்கப் பார்க்கிறார்கள் என்று 2005-ல் அதே காங்கிரஸில் மசோதா வருகிறது. தாங்கள் போட்ட சட்டம்தானே, அப்புறம் எதற்கு இந்தச் சண்டை? கடைசியில் யார் பக்கம் ஜெயித்தது?

சட்டக்கிறுக்கன்:
ஆணையம் ஆசைப்பட்டு விதி எழுதப் போகவில்லை நாணல். அந்தச் சட்டத்தில் எதெல்லாம் கட்டுப்பாட்டுக்குள் வரும் பொது விளம்பரம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது: ஒளிபரப்பு, கேபிள், செயற்கைக்கோள், நாளிதழ், வார மாத இதழ், தெருவோர விளம்பரப் பலகை, மொத்தத் தபால், மொத்தத் தொலைபேசி அழைப்பு, கடைசியில் "இதர பொது அரசியல் விளம்பரம்" என்று ஒரு வால். இணையம் பற்றிப் பேச்சே இல்லை. ஆணையம் அதைப் பிடித்துக்கொண்டு 2002-ல் இணையத்துக்கு முழு விலக்கு கொடுத்துவிட்டது. கீழவையில் அந்தச் சீர்திருத்தத்துக்கு முன்னின்ற கிறிஸ்டோபர் ஷேஸ், மார்ட்டி மீஹன் இருவரும் வழக்குப் போட்டார்கள், 2004-ல் நீதிபதி கோலீன் கோலர்-கோட்டெலி அந்த விலக்கு செல்லாது என்றார். அதன் பிறகுதான் ஆணையம் வேறு வழியில்லாமல் மறுபடி உட்கார்ந்தது.

2005 மார்ச்சில் ஆணையர் பிராட்லி ஸ்மித் ஒரு பேட்டி கொடுத்தார். வேட்பாளரின் தளத்துக்கு ஒரு இணைப்புக் கொடுத்தால்கூட அதை நன்கொடையாக மதிப்பிட வேண்டிய நிலை வரலாம் என்கிற மாதிரி. அவ்வளவுதான், டெய்லி கோஸ் மாதிரி இடதுசாரித் தளமும் ரெட்ஸ்டேட் மாதிரி வலதுசாரித் தளமும் ஒரே குரலில் கத்த ஆரம்பித்தன (அந்த நாட்டில் இது அடிக்கடி நடக்கிற காரியமில்லை). செனட்டில் ஜனநாயகக் கட்சித் தலைவர் ஹாரி ரீட், கீழவையில் குடியரசுக் கட்சியின் ஜெப் ஹென்சர்லிங், இரண்டு பேரும் மசோதா கொடுத்தார்கள். இணையத்தில் வருவது எதுவும் அந்தப் பட்டியலில் சேராது, மசோதாவின் சாரம் இவ்வளவுதான்.

ஊர்க்குருவி:
சட்டக்கிறுக்கன் சொன்னதில் ஒரு பாதி விட்டுப்போயிற்று. பாவம் வலைப்பதிவர் என்று எல்லோரும் அழுதார்கள், சரி, அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் அந்தச் சட்டம் வந்ததே கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் கட்சிகளுக்கு வரம்பில்லாமல் கொட்டிய பணத்தை நிறுத்தத்தான். இணையம் முழுவதும் விலக்கு என்றால், ஒரு மாநிலக் கட்சிக் கிளை அதே பணத்தில் செனட் வேட்பாளரைத் தாக்கி இணைய விளம்பரம் போடலாம், தொலைக்காட்சியில் போட்டால் குற்றம், யாஹூவில் போட்டால் குற்றமில்லை. ஷேஸ், மீஹன் சொன்னதும் இதைத்தான். மசோதாவை ஆதரித்தவர்களில் எத்தனை பேருக்கு வலைப்பதிவர் மேல் அக்கறை, எத்தனை பேருக்கு இந்த ஓட்டை மேல் அக்கறை என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

நாணல்:
ஓ, அப்படியா! வாக்கெடுப்பு நடந்ததா?

சட்டக்கிறுக்கன்:
நடந்தது. 2005 நவம்பர் 2, கீழவை. ஆதரவு 225, எதிர்ப்பு 182. மசோதா தோற்றுப்போனது! விதிகளை ஒதுக்கிவைத்து வேகமாக நிறைவேற்றும் முறையில் கொண்டுவந்தார்கள், அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், சாதாரணப் பெரும்பான்மை போதாது.

ஆனால் ஆணையத்துக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. 2006 மார்ச் 27-ல் ஆறு ஆணையர்களும் ஒருமனதாக ஒரு விதி போட்டார்கள்: இன்னொருவர் தளத்தில் காசு கொடுத்துப் போடும் விளம்பரம் மட்டும் கட்டுப்பாட்டுக்குள் வரும். சொந்தத் தளம், வலைப்பதிவு, மின்னஞ்சல், சம்பளம் வாங்காத தொண்டர் வேலை எல்லாம் வெளியே. பத்திரிகைகளுக்கு இருந்த விலக்கு இணையச் செய்தித் தளங்களுக்கும் கிடைத்தது. ஆக ஓட்டில் தோற்றவர்களுக்குக் கேட்டதில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது. என் பார்வையில் அது நல்ல விதி. பத்து டாலர் செலவில் வலைப்பதிவு நடத்துபவனைக் கணக்குத் தாக்கல் செய்யச் சொல்வது அபத்தம்.

ஊர்க்குருவி:
2006-க்கு நல்ல விதி, ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். காசு கொடுத்துப் போட்டால்தான் விளம்பரம் என்றதால், லட்சக்கணக்கில் செலவழித்து எடுத்த வீடியோவை யூடியூபில் இலவசமாக ஏற்றினால் அது கணக்கிலேயே வராது என்று வாதிட இடம் வந்துவிட்டது. ஓஹியோவில் 2012 தேர்தலுக்கு ஒரு அமைப்பு அப்படி ஏற்றிய வீடியோக்கள் பற்றிய புகாரில் 2014-ல் ஆணையம் 3-3 என்று பிரிந்து நின்றது. ஆறு பேரில் ஒரு கட்சிக்கு மூன்றுக்கு மேல் கூடாது, எதற்கும் நான்கு ஓட்டு வேண்டும், அதனால் முட்டிக்கொண்டால் அப்படியே நிற்கவேண்டியதுதான். 2011-ல், தன் விளம்பரம் மிகச் சிறியது, யார் பணம் கொடுத்தார் என்று எழுத இடமில்லை, விலக்கு வேண்டும் என்று ஃபேஸ்புக் கேட்டபோதும் முடிவு எட்டவில்லை.

ரஷ்யாவிலிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் டாலருக்கு சுமார் 3,000 விளம்பரங்கள் வாங்கப்பட்டதாக 2017-ல் அதே ஃபேஸ்புக் சொன்ன பிறகுதான் காங்கிரஸ் எதிர்த்திசையில் ஓட ஆரம்பித்தது. இணைய அரசியல் விளம்பரத்திலும் பணம் கொடுத்தவர் யார் என்று காட்டச் சொல்லி அப்போது வந்த நேர்மை விளம்பர மசோதாவைக் கொண்டுவந்தவர்களில், 2002 சட்டத்தின் பெயரில் இருக்கும் அதே ஜான் மெக்கெய்னும் ஒருவர். அது நிறைவேறவில்லை. இணைய விளம்பரத்தில் பணம் கொடுத்தவர் பெயர் எப்படி வரவேண்டும் என்று 2022 டிசம்பரில் விதி போட்டது அந்த ஆணையம்தான்.