கேஸ் குமிழை எத்தனை தடவைதான் தொடுவது?

பாளைக்காரன்: எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அடுப்புக் குமிழை விரலால் தடவிப் பார்ப்பது எங்களில் எல்லோருக்கும் உள்ளதுதான். நான் இருபது தடவை தடவுகிறேன். ஜங்ஷன் பஸ்ஸில் ஏறியபிறகும் இறங்கித் திரும்பியிருக்கிறேன். பிரெயில் படித்தால் உடனே கை கழுவாமல் இருக்க முடியவில்லை. விரல் வெடித்து இப்போது எழுத்தே பிடிபடவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சியோ, "பிள்ள கவனமா இருக்கான்லா" என்கிறாள்!

தாமிரபரணி: தடவுவது நோயல்ல, அண்ணாச்சி. மூடியிருக்கிறது என்று தெரிந்தபிறகும் மனசு விடாததுதான் ஓசிடி என்கிற மனநலப் பிரச்சினை. எனக்கு மாத்திரையோடு ஒரு பயிற்சியும் கொடுத்தார்கள்: ஒரே தடவை தொட்டுவிட்டு, பதற்றம் தானாக அடங்கும்வரை உட்காரணும். முதல் வாரம் உயிர் போனது. அப்புறம் பரவாயில்லை.

மேலப்பாளையம்: வீடியோ காலில் அடுத்தவரிடம் "மூடியிருக்கா?" என்று கேட்காதீர்கள். அதுவும் திரும்பத் திரும்பத் தடவுவது மாதிரிதான். 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

பாளைக்காரன்: ஐயோ, தினமும் ஆச்சியைத்தான் கேட்கிறேன். சரி, கூப்பிடுகிறேன்.