துபாய் போய் மனசு விட்டுப்போன நம்ம கடற்கரைத் தம்பிகளுக்கு

மண்டபம் ஊர்த் தம்பி ஒருவர் துபாயிலிருந்து போட்ட கேள்வியைப் படித்தேன். கடையில் விற்பனையாளர் வேலை என்று ஏஜெண்ட் சொல்லியிருக்கிறார். போய் இறங்கினால் கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலை, சம்பளமும் பேசியதைவிடக் குறைவு. அம்மாவின் நகை அடகில் இருக்கிறது. ரூமில் இருக்கிற ஒருவர் "பாசிட்டிவா இரு, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று தினமும் சொல்கிறாராம். "அண்ணே, எப்படி இருக்கிறது பாசிட்டிவா?" என்று கேட்டிருக்கிறார்.

நல்லதுக்கெல்லாம் இல்லை தம்பி, ஏமாற்றியிருக்கிறார்கள். அதை அப்படியே உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். கோபத்தை விழுங்கிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தால் ராத்திரி தூக்கம்தான் போகும்.

நானும் அங்கே பல வருடம் இருந்துவிட்டு இப்போது கீழக்கரையோடு வந்துவிட்டவன். ரூமில் நொந்துபோய்க் கிடந்தவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேரைப் படுக்கவைத்தது ஊருக்குச் சொல்லிவைத்த பொய்தான். வாங்குவது 1,200 திர்ஹம், வீட்டில் சொன்னது 2,500. வீட்டில் 2,500-க்குத் தக்கபடி தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள், மாடிக்குக் கம்பி இறக்குவார்கள். இவன் ரூமில் கைமாற்று வாங்கி அனுப்புவான். அடுத்த மாதம் அதையும் சேர்த்துக் கட்டுவான். ஊர்ப்பக்கம் என்ன நடக்கிறது என்பதை இப்போது கண்ணால் பார்க்கிறேன். சபுராளி, அதாவது வெளிநாட்டில் சம்பாதிக்கிறவன் வீடு என்றால் கடைத்தெருவில் கேட்காமலே கடன் கிடைக்கும், நன்கொடை நோட்டும் முதலில் அந்த வாசலுக்குத்தான் வரும். கொடுக்கிறவர்களையும் கேட்கிறவர்களையும் குறை சொல்ல முடியாது. அவர்களுக்குத் தெரிந்த கணக்கு அதுதான்.

அதனால் என் முதல் யோசனை, சம்பளத்தை உள்ளபடி வீட்டில் சொல்லிவிடுவது. அம்மாவிடம் வேண்டாம், அப்பாவிடம் சொல்லுங்கள். விசைப்படகுக்குப் போகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். வருமானம் இல்லாத மாதம் அவருக்குப் புதிதா என்ன? ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வருஷா வருஷம் வருகிறது. படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடித்து, கிழிந்த வலையைச் சரிபார்த்து, எந்தக் கடனை இப்போது அடைப்பது எதைத் தள்ளிப்போடுவது என்று பார்த்துப் பார்த்துத்தான் உங்களைப் படிக்க வைத்திருக்கிறார். உங்கள் கணக்கு அவருக்குப் புரியும்.

எப்போது பேசுவது என்பதும் முக்கியம். அங்கே வாட்ஸ்அப்பில் அழைப்பு போகாது, போட்டிம் என்கிற ஆப்பில்தான் பேசுவீர்கள். ஷிப்ட் முடிந்து பத்து மணிக்குக் கூப்பிட்டால் ஊரில் பதினொன்றரை. அந்த நேரத்தில் போன் அடித்தாலே வீடு பதறும், நீங்களும் களைத்துப்போய் அழுகிற குரலில் பேசுவீர்கள். லீவு நாளில், காலையில், சாப்பிட்டுவிட்டுப் பேசுங்கள். சம்பளம் இவ்வளவு, மாதம் இவ்வளவுதான் அனுப்ப முடியும், நகைக்கு வட்டி கட்ட வேண்டிய தேதி இது. இதைச் சொன்னால் போதும். ஏஜெண்டைத் திட்டுவதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலைப் பற்றி நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தனுஷ்கோடியை நெருங்கிய ரயில் பயணிகளோடு கடலில் போனது, பாம்பன் பாலமும் பிய்ந்தது. பாலத்தை ஸ்ரீதரன் என்கிற பொறியாளர் 46 நாளில் சரிசெய்து கொடுத்தார். இந்தக் கதையை மேடைக்கு மேடை சொல்வார்கள். அதன் மறுபாதியை யாரும் பேசுவதில்லை. தனுஷ்கோடி ஊரைத் திரும்பக் கட்டவில்லை, அந்தத் தண்டவாளத்தையும் அதன்பிறகு ரயில் ஓடுகிற மாதிரிப் போடவில்லை. பிழைத்தவர்கள் ராமேஸ்வரம், தங்கச்சிமடம் பக்கம் வந்து வேறு வாழ்க்கையைத் தொடங்கினார்கள்.

உங்களுக்கும் இப்போது அந்த வேலைதான் தம்பி. உடம்பு, விசா, எமிரேட்ஸ் ஐடி என்கிற அந்நாட்டு அடையாள அட்டை, நகைக்கான வட்டித் தேதி, இதெல்லாம் பாலம். இன்றைக்கே சரிசெய்ய வேண்டியவை. "ரெண்டு வருஷத்தில் வீடு", கடையில் சட்டையை இன் பண்ணிக்கொண்டு நிற்கிற படம், கூடப் போனவனுக்கு முன்னால் ஊர் திரும்புவது, இதெல்லாம் தனுஷ்கோடி. போனது போகட்டும். எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் மீட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறவனுக்குத்தான் நிம்மதியே இருக்காது. சிலதை விட்டுவிட மனசு வந்துவிட்டால் கிடைத்த வேலையைச் செய்துகொண்டே சிரிக்கவும் முடியும். திருப்தி என்று நான் நினைப்பது அவ்வளவுதான்.

ஆனால் எதை மாற்ற முடியும் என்று தெரியாமல் திருப்தியாக இருப்பது வெறும் சகிப்பு. அதனால் சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். ஏஜெண்டின் வாய்ச்சொல் அங்கே செல்லாது, தொழிலாளர் அமைச்சகத்தில் பதிவான ஒப்பந்தம்தான் கணக்கு. அதில் வேலைப் பெயரும் சம்பளமும் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். வேலையில் சேர்ந்ததும் ஆளைச் சோதித்துப் பார்க்கிற தகுதிகாண் காலம் ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் உங்களை நிறுத்துவதாக இருந்தால் 14 நாளுக்கு முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். நீங்களாக அதே நாட்டில் வேறு வேலைக்குப் போவதென்றால் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ள உரிமை இல்லை. வேலையிழப்புக் காப்பீட்டுக்கு மாதம் 5 திர்ஹம் கட்டுவீர்கள். அது தொடர்ந்து 12 மாதம் கட்டியவர்களுக்குத்தான் உதவும், அதனால் இப்போதைக்கு அதை நம்ப வேண்டாம். ஆனால் கட்டுவதை நிறுத்தவும் வேண்டாம். இந்தியத் தூதரகத்தின் உதவி மையத்துக்கு 80046342 என்ற இலவச எண் இருக்கிறது, தயங்காமல் கூப்பிடுங்கள். ஊரில் ஏஜெண்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். பதிவு பெற்ற ஏஜெண்டே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தாண்டி வாங்கக் கூடாது.

அப்புறம், லீவு நாளில் ரூமிலேயே படுத்துக் கிடக்காதீர்கள். டேராவிலிருந்து பர் துபாய்க்குக் கிரீக் என்கிற கடற்கழியில் மரப்படகு ஓடுகிறது, அப்ரா என்பார்கள். ஒரு திர்ஹம்தான். நடுவில் ஒரு பலகை, ஆட்கள் முதுகோடு முதுகாக உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு போவார்கள். ஓட்டுகிறவர் நடுப்பள்ளத்தில் நின்றுகொண்டு ஒரு கையால் காசை வாங்கிக்கொண்டே படகைத் திருப்புவார். டீசல் வாடை, கூடவே உப்புக்காற்று. தகரக் கூரைக்குக் கீழே ஒரு வாரம் நின்றவனுக்கு, அதுவும் நம்ம கடற்கரைக்காரனுக்கு, அதைவிட மலிவான வைத்தியம் கிடையாது. திரும்பி வரும்போது சாளை வாங்கிக் குழம்பு வையுங்கள், ரூமே கூடிவிடும். கருவாடு மட்டும் கேட்காமல் பொரித்துவிடாதீர்கள். அந்த வாடைக்காக ரூம் மாறினவர்களை எனக்குத் தெரியும்.

அந்தக் கேள்விக்குக் கீழே சாயல்குடித் தம்பி ஒருவர், கூடப் படித்தவனின் ஸ்டேட்டஸைப் பார்த்தால் வயிறு எரிகிறது என்று எழுதியிருக்கிறார். எரியத்தான் செய்யும். மியூட் பண்ணிவிடுங்கள். நட்பு அப்படியே இருக்கும்.

பெரியபட்டினத்துத் தங்கச்சி கேட்டது வேறு. மாப்பிள்ளை, அதாவது அவர் கணவர், மலேசியாவில், போன் பண்ணினால் இரண்டு வார்த்தைதான் பேசுகிறாராம். "காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), என்னமோ மறைக்கிறார், எப்படிக் கேட்பது?" என்கிறார். பணத்தைப் பற்றி முதலில் கேட்காதீர்கள்மா. என்ன சாப்பிட்டீங்க, யார் சமைத்தது என்று கேளுங்கள். இந்த மாதம் அனுப்பாவிட்டாலும் சமாளித்துக்கொள்கிறோம் என்பதை நீங்களே முந்திச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவர் பேசுவார். அவர் வாய் திறக்கும்போது மாமியார் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் அது மனப்பான்மை சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, அதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும். அன்றைக்கே ரூமில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

சரி, மண்டபத்துத் தம்பி, பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் மறைத்துவிட்டு ஒப்பந்தத்தின் படத்தை எனக்குத் தனியாக அனுப்புங்கள். வேலைப் பெயர், அடிப்படைச் சம்பளம், சேர்ந்த தேதி மூன்றும் தெரிந்தால் போதும். தகுதிகாண் காலம் முடிவதற்குள் அங்கேயே இருப்பதா மாறுவதா என்று உட்கார்ந்து பேசிவிடலாம்.