பெரிய வெள்ளியன்று அடுத்த வீட்டில்

தூத்துக்குடியில் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்தபோது அடுத்த வீட்டில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு மகனும் நானும் ஒரே கல்லூரியில் படித்தோம்; ஈசா நபி, அதாவது அவர்கள் சொல்லும் இயேசு, சிலுவையில் இறந்தார்களா இல்லையா என்று நாங்கள் வாதிடாத வாரமே கிடையாது. ‘அவர்கள் அவரைக் கொல்லவுமில்லை, சிலுவையில் அறையவுமில்லை, அவர்களுக்கு அவ்வாறு தோற்றமளிக்கப்பட்டது’ என்னும் குர்ஆனின் அந்நிஸா அத்தியாயத்தின் 157ஆம் வசனத்தை நான் ஓதுவேன். கிறிஸ்து உயிர்த்தெழவில்லை என்றால் நம்பிக்கையே வீண் என்று பைபிளில் திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதைச் சொல்லி, இறக்காதவர் எப்படி உயிர்த்தெழுவார் என்று அவன் கேட்பான். வேறொருவருக்கு ஈசா நபியின் உருவம் கொடுக்கப்பட்டது என்பதைக் குர்ஆனின் சொல்லாகவே அன்று எண்ணியிருந்தேன். அது குர்ஆனுக்கு விரிவுரை எழுதியவர்கள் தந்த விளக்கம் என்பதும், அவர்களில் ஒருவரான தபரி தம் விரிவுரையில் ஒன்றுக்கொன்று மாறுபட்ட அறிவிப்புகளைத் தொகுத்துள்ளார் என்பதும், உருவம் மாற்றப்பட்டது என்றால் கண்ணால் காண்பதையே எப்படி நம்புவது என்ற கேள்வியை மற்றொரு விரிவுரையாசிரியரான ஃபக்ருத்தீன் ராஸியே எழுப்பி விடையும் கூறியுள்ளார் என்பதும் பின்னாளில் படித்து அறிந்தவை.

நண்பனின் தந்தை புற்றுநோயால் இறந்த ஆண்டு, பெரிய வெள்ளியன்று கோயிலில் சிலுவை முத்தி செய்துவிட்டு, அதாவது சிலுவையை முத்தமிட்டு வணங்கிவிட்டு, வந்திருந்த அவன் தாயாரைப் பார்க்கப் போனேன். மடியில் பைபிள் விரிந்திருந்தது. மாற்கு 15ஆம் அதிகாரத்தில் ‘என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?’ என்ற வரியின் கீழ் பலமுறை பென்சில் கோடு இழுத்ததில் தாளே நைந்திருந்தது.

“கடைசி ராத்திரி இவன் அப்பா இப்படித்தான் தம்பி கதறினார். ஆண்டவரே இந்த வேதனையைப் பட்டு இறந்தார் என்ற நினைப்பில்தான் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் சாகவே இல்லை என்று நீங்கள் ஏன் சொல்கிறீர்கள்?”

வழக்கமாக ஓதும் வசனம் அப்போது என் நாவில் வரவில்லை. “அல்லாஹ் தன் தூதரைப் பகைவர் கையில் விட்டுவிட மாட்டான், தன்னிடம் உயர்த்திக்கொண்டான் என்று நம்புகிறோம் அம்மா” என்றேன்.

“அப்படியென்றால் அவருக்குச் சாவே கிடையாதா?”

‘நான் பிறந்த நாளிலும், இறக்கும் நாளிலும், உயிருடன் எழுப்பப்படும் நாளிலும் என்மீது சாந்தி நிலவும்’ என்று ஈசா நபி கூறுவதாக மர்யம் அத்தியாயத்தின் 33ஆம் வசனத்தில் வருவதைச் சொன்னேன். இறுதிக் காலத்தில் அவர் மீண்டும் வந்து, அதன்பின் இறப்பார் என்பதே எங்களில் பெரும்பாலோரின் நம்பிக்கை என்றும் விளக்கினேன். அவர் அதை ஏற்கவில்லை. நானும் என் நம்பிக்கையிலிருந்து விலகவில்லை. ஆனால் அந்தப் பென்சிலை என்னிடம் நீட்டி, பைபிளின் கடைசி வெற்றுத்தாளில் அந்த வசனத்தை எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்ததும் வாங்கிப் படித்து, மர்யம் என்ற பெயருக்கு மேலே ‘மரியா’ என்று தம் கையாலேயே எழுதிக்கொண்டார்.