ஹெரிங்கா ஸ்பூனா: அந்த 24 பவுண்டு சினூக்கைப் பிடித்தது எது?

துடுப்புக்காரன்:
நேற்று பருத்தித்துறையான் அண்ணை எழுதிய வரி இது: "ஸ்பூன் கட்டிச் சாமன் பிடிக்கப் போகிறவன் கடலில் கரண்டி கழுவுகிறவன்." ஸ்பூன் என்றால் மீனை ஏமாற்ற இழுக்கிற வளைந்த உலோகத் தகடு. 14 வருடமாகக் கனடாவின் மேற்குக் கரையில் நனைமோவிலிருந்து படகு விடுகிறேன், இதுவரை யாரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. ஆதாரமாக அவர் போட்டது போன ஆகஸ்டில் கெம்பல் ரிவரில் பிடித்த 24 பவுண்டு சினூக்கின், அதாவது பெரிய சாமன் (சால்மன்) ஒன்றின் படம். உப்புப் போட்ட ஹெரிங் மீனை இரையாகக் கோத்துப் பிடித்தாராம், இயற்கை இரைக்கு ஈடு இல்லையாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மீனின் வாலுக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் 11 அங்குல ஃப்ளாஷர் கிடக்கிறது. பளபளவென்று சுழல்கிற அந்தப் பிளாஸ்டிக் பலகை எந்தக் கடலில் முளைத்தது? நூறு அடி ஆழத்தில், மங்கல் வெளிச்சத்தில், தூரத்தில் போன மீனைத் திரும்பிப் பார்க்க வைத்தது அதுதான். ஹெரிங் பின்னால் சும்மா தொங்கிக்கொண்டு வந்தது.

பருத்தித்துறையான்:
தம்பி, கடித்தது எதை? ஃப்ளாஷரையா ஹெரிங்கையா? தூண்டில் ஹெரிங்கில்தான் இருந்தது. வேறு என்ன சொல்ல இருக்கிறது?

துடுப்புக்காரன்:
கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஃப்ளாஷர் இருந்ததா, இல்லையா?

குளிர்கடல்:
துடுப்பு, இரை கட்டுவது என்ன வேலை என்று தெரியாமல் பேசக் கூடாது. முதல் நாள் இரவே கல்லுப்புத் தண்ணீரில் ஹெரிங்கைப் போட்டு வைக்கிறேன், இல்லாவிட்டால் கால் மணி நேரத்தில் வயிறு கிழிந்துவிடும், செதில் உதிர்ந்துவிடும். விடியற்காலையில் ஊசியால் தங்கூசியை (நைலான் நூலை) உடம்புக்குள் கோத்து இழுத்து, தலையை டீசர் என்ற பிளாஸ்டிக் மூடிக்குள் நுழைத்து, பல்லுக்குத்தும் குச்சி ஒன்றைக் குறுக்கே குத்தி இறுக்குவேன். பிறகு உடம்பைச் சற்று வளைத்துவிட்டு, படகோரத்தில் தண்ணீரில் பிடித்துப் பார்ப்பேன். திருகாணி போல ஒரே சீராகச் சுற்ற வேண்டும். அகலமாக வட்டமடித்தால் கழற்றித் திரும்பக் கட்டுவேன், சில நாள் நாலு தடவை. விரல் விறைத்து நீலமாகிவிடும். அந்தச் சுற்றுத்தான் மீனைக் கொண்டுவருகிறது. கடையில் வாங்கிக் கொளுவிவிட்டுக் கோப்பி குடிக்கிறவருக்கு அது எங்கே விளங்கும்.

துடுப்புக்காரன்:
அக்கா, இவ்வளவும் செய்துவிட்டு முன்னால் என்ன கட்டுகிறீர்கள்? ஃப்ளாஷர். அதைத்தான் நானும் சொல்கிறேன்.

பருத்தித்துறையான்:
உனக்கு ஃப்ளாஷர் செய்கிற வேலையே தெரியவில்லை. ஹூச்சிக்குச் சொந்த அசைவு கிடையாது, வெறும் ரப்பர்க் குஞ்சம். ஃப்ளாஷர் சுழன்று வெட்டி இழுத்தால்தான் அது துள்ளும். அதனால்தான் ஹூச்சிக்குத் தங்கூசியை 3 அடி அளவில் குட்டையாக விடுகிறோம். நான் ஹெரிங்குக்கு 6 அடி விடுகிறேன். ஏன்? அந்த வெட்டு என் இரைக்குப் போய்ச் சேரக் கூடாது, ஹெரிங் தன்பாட்டில் சுற்ற வேண்டும். 6 அடி தம்பி, 6 அடி. என் அப்பா பருத்தித்துறையில் அறக்குளாவுக்குச் செத்த மீனைக் கோத்து இழுத்தபோது எந்தப் பளபளப்பும் கட்டவில்லை.

துடுப்புக்காரன்:
அறக்குளாவும் சினூக்கும் ஒன்றா? பருத்தித்துறைத் தண்ணீரும் ஜார்ஜியா நீரிணையும் ஒன்றா? சரி, கெம்பல் ரிவர் பெயரை எடுத்தவர் நீங்கள், அதனால் கேட்கிறேன். அங்கே 1924-இல் தொடங்கிய டயி கிளப் என்ற மீன்பிடிச் சங்கம் இருக்கிறது. ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை, துடுப்பு வலிக்கிற படகில், மோட்டார் இல்லாமல், 30 பவுண்டுக்குக் குறையாத சினூக்கைப் பிடித்தால்தான் உறுப்பினர் ஆகலாம். அவர்கள் விதியில் என்ன இரை? செயற்கை மட்டும். பிளக் (மீன் வடிவப் போலி இரை) அல்லது ஸ்பூன், முள் இல்லாத ஒற்றைத் தூண்டில், 20 பவுண்டுக்கு மேல் தாங்காத நூல். ஹெரிங்குக்கு அங்கே இடமே இல்லை. நூறு வருடமாகக் கரண்டி கழுவித்தான் 30 பவுண்டும் அதற்கு மேலும் பிடிக்கிறார்கள். உங்களுடையது 24. அதுவும் ஃப்ளாஷரோடு.

குளிர்கடல்:
இரையைத் தடை செய்தது ஏன் என்று யோசித்தீர்களா? இரை போட்டால் மீன் சுலபமாக அகப்படும், கடினமாக இருக்க வேண்டும் என்றுதான் அந்த விதி. நீங்கள் காட்டிய சாட்சி எங்கள் பக்கத்துச் சாட்சி.

துடுப்புக்காரன்:
அப்படி அவர்கள் எங்கே சொன்னார்கள்? அது உங்கள் ஊகம். ஃப்ளாஷருக்குப் பதில் வரட்டும்.

வெள்ளிச்செதில்:
இரைக்காரர்கள் நாய்ச்சுறாவைப் பற்றி ஏன் வாயே திறப்பதில்லை? ஹெரிங்கை இறக்கினால் பாதி நாள் நாய்ச்சுறாவைக் கழற்றுவதிலேயே போகிறது, தங்கூசியெல்லாம் சொரசொரவென்று அறுந்து வருகிறது. இன்னொன்று, சின்னச் சினூக் இரையை விழுங்கிவிடும். இந்த நீரிணையில் 62 செ.மீ. நீளம் இல்லாத சினூக்கைத் திரும்ப விட வேண்டும். செவுளில் ரத்தம் வழிகிற குஞ்சை விட்டு என்ன பயன்? ஸ்பூன் பெரும்பாலும் வாயோரத்தில்தான் கொளுவும்.

பருத்தித்துறையான்:
நாய்ச்சுறா ஹூச்சியையும்தான் கடிக்கிறது. அது கடிக்கிற ஆழத்தில் நீர் ஏன் இழுக்கிறீர்?

தூத்துக்குடிக்காரன்:
சால்மன் என்றால் நம்ம காலா மீன்தானே? இங்கே இறால் போட்டாலே அகப்படுமே, இதற்கு எதற்கு இவ்வளவு சண்டை?

பருத்தித்துறையான்:
காலா வேறு, சாமன் வேறு. ஆங்கிலத்தில் காலாவை இந்தியன் சால்மன் என்று எழுதிவைத்ததால் வந்த குழப்பம் இது. காலாவுக்கு மார்புத் துடுப்பின் கீழே மீசை போலப் பக்கத்துக்கு நாலு இழை தொங்கும். ஆற்றில் பிறந்து கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட அதே ஆற்றுக்குத் திரும்பிவந்து சாகிறது சினூக்.

தூத்துக்குடிக்காரன்:
தெரியாமல்தானே கேட்டேன், அதற்கு ஏன் இவ்வளவு கோபம்? ருசியில் காலாவை அடிக்க ஆள் கிடையாது, அதை மட்டும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்கடல்:
ருசிப் பேச்சை விடுங்கள். மணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. 1950-களில் இந்த பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் செய்த ஆய்வு இருக்கிறது. கரடியின் பாதத்தையும் மனிதக் கையையும் அலசிய தண்ணீரை ஆற்றில் விட்டபோது மேலே ஏறிவந்த சாமன் தயங்கி நின்றது. தோலில் இருக்கிற எல்-செரின் என்ற பொருள்தான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அவ்வளவு நுட்பமான மூக்கு. அதனால்தான் கையுறை இல்லாமல் இரையைத் தொட மாட்டேன். உங்கள் ஸ்பூனில் என்ன மணம் இருக்கிறது, பெட்ரோல் மணமா?

துடுப்புக்காரன்:
மணமே போதும் என்றால் ஃப்ளாஷரைக் கழற்றிவிட்டு இழுங்கள். ஏன் கழற்ற மாட்டேன் என்கிறீர்கள்? மூன்றாவது தடவை கேட்கிறேன். அப்புறம் அக்கா, இரண்டு வருடத்துக்கு முன் நூலை ஆழத்துக்கு இறக்குகிற என் டவுன்ரிக்கர் குண்டை வாங்கிப் போனீர்கள், 12 பவுண்டு ஈயம். அது இன்னும் வரவில்லை. ஆய்வு பேசுவதற்கு முன் அதை அனுப்பிவையுங்கள்.

குளிர்கடல்:
அந்தக் குண்டு பாறையில் மாட்டிப் போய்விட்டது என்று அன்றைக்கே சொன்னேன், காசும் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று பெருந்தன்மை காட்டியது யார்? இப்போது எல்லார் முன்னாலும் கேட்கிறீர்கள்.

துடுப்புக்காரன்:
வேண்டாம் என்றது மரியாதைக்கு.

சறேதம்பி:
அண்ணைமார், நான் புதிது. சனிக்கிழமை முதல்முறை படகில் போகிறேன். ஹெரிங் பெட்டி வாங்குவதா, ஸ்பூன் வாங்குவதா? கடை 6 மணிக்குப் பூட்டிவிடும்.

பருத்தித்துறையான்:
துடுப்பு, எனக்கு நேராகச் சொல். நீ ஸ்பூன் இழுக்கும்போது முன்னால் ஃப்ளாஷர் கட்டுவதில்லையா? போன தை மாதம் நீ போட்ட படத்தில் உன் படகின் தட்டில் மூன்று கிடந்தன. எண்ணினேன். உன் ஸ்பூனும் அப்போது சும்மாதானே தொங்கிக்கொண்டு வந்தது? அந்த மாதத்தில் நான் பிடித்த ஒவ்வொன்றின் வயிற்றையும் கிழித்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது ஹெரிங், ஹெரிங், பிறகு கொஞ்சம் ஊசி மீன். ஒன்றின் வயிற்றிலும் கரண்டி இல்லை.

துடுப்புக்காரன்:
பேச்சை என் பக்கம் திருப்ப வேண்டாம். ஸ்பூனும் செயற்கை, ஃப்ளாஷரும் செயற்கை, நான் எதையும் இயற்கை என்று சொல்லி விற்கவில்லை. சொன்னவர் நீங்கள். வயிற்றில் ஹெரிங் இருந்தால், வயிறு நிறைந்த மீன் இன்னொரு ஹெரிங்கை ஏன் கடிக்கிறது? பளபளப்பைக் கண்டு, வேறு சாமன் ஒன்று இரையை அடிக்கிறது என்று நினைத்துப் போட்டிக்கு வருகிறது. அங்கேயும் ஃப்ளாஷர்தான்.

வெள்ளிச்செதில்:
சரியான பேச்சு.

பருத்தித்துறையான்:
நீர் சரி என்று சொன்னால் அது பிழை என்று அர்த்தம். 6 அடி. அதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

சறேதம்பி:
கடை பூட்டிவிட்டது.

துடுப்புக்காரன்:
தம்பி, பக்கத்துப் படகுக்காரரிடம் ஒரு ஸ்பூன் இரவல் வாங்கு, நாலு அங்குலம், பச்சையும் வெள்ளையும். அண்ணை, நீங்கள் போட்ட படத்தை இதோ நானே வெட்டிப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறேன். இடது மூலையைப் பாருங்கள். அது ஃப்ளாஷரா, இல்லையா?